நல்ல குணங்கள், கையெழுத்துடன்

ஆறாவது படிக்கும் மகளுக்காகத் தையல்காரிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து அந்த வருடத்தில் எட்டாவது முறையாக அழைப்பு வந்தது. தைத்ததை அப்படியே போட்டுவிட்டுப் போய் நின்றவளை, தலைமையாசிரியை எழுந்து நின்று வரவேற்றார்.

"உட்காருங்கம்மா. உங்க பொண்ணு சாதாரணப் பொண்ணே இல்ல."

"இப்ப என்ன பண்ணித் தொலைச்சா, மேடம்?"

"அப்படிச் சொல்லாதீங்க. கணக்கு டீச்சரை ஸ்டோர் ரூம்ல வெச்சுப் பூட்டிட்டா. எவ்வளவு பக்காவா திட்டம் போட்டிருக்கா பாருங்க! ஆய்வுக்கு வந்த அதிகாரிகிட்ட, 'இன்னைக்கு மட்டும்தான் சார் பாத்ரூம்ல தண்ணி வருது'ன்னு சொல்லிட்டா. என்ன ஒரு நேர்மை!"

"ஐயையோ! அவர் என்ன சொன்னார்?"

"அதை விடுங்க" என்று தலைமையாசிரியை பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தார். "நேத்து பரீட்சை நேரத்துல மொத்த வகுப்பையும் மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. பிறவித் தலைவிம்மா!"

மகளை யாராவது மெச்சினால் தையல்காரிக்குத் தாங்காது. கண் கலங்கிவிட்டது.

"எல்லாத்தையும் எழுதி, கையெழுத்தும் போட்டிருக்கேன்."

நீட்டிய உறையைப் பிரித்துப் படித்தாள். நற்குணங்கள் நிரம்பி வழிந்தன. கடைசி வரியில், 'இந்த அரிய குழந்தையைத் தங்கள் பள்ளியில் சேர்த்துக்கொள்ளும்படி அன்புடன் பரிந்துரைக்கிறேன்' என்றிருந்தது. பின்னால் மாற்றுச் சான்றிதழ் இணைக்கப்பட்டிருந்தது.

அழப்போகிறாள் என்று தலைமையாசிரியை தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார்.

தையல்காரியோ முகமெல்லாம் சிரிப்பாகக் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"ரொம்ப நன்றி மேடம். போன ஸ்கூல்ல அரைப் பக்கம்தான் எழுதிக் குடுத்தாங்க. அதை நம்பித்தான் நீங்களே இவளைச் சேர்த்துக்கிட்டீங்க. நீங்க முழுப் பக்கம் எழுதியிருக்கீங்க. பிள்ளை முன்னேறிக்கிட்டேதான் இருக்கா!"