மூலைச் சேலை

மணிமுத்தாற்றுக்குக் கீழே வாழைத்தோட்டத்தில் விடிகிறது. காவல் குடிசை வாசலில் பெருமாள்ராஜ் செல்போனும் கையுமாக நிற்கிறான். இரவெல்லாம் அவன் காவல் காத்தது செல்போன் விளையாட்டில் கட்டிய கோட்டையைத்தான். பீரங்கிகளை மதிலோரம் வைக்காமல் உள்ளே தள்ளி, ஒன்றுக்கொன்று துணையாக நிறுத்தி, மதிலில் எறும்பு நுழையக்கூட இடம் விடாமல் அடைத்திருக்கிறான். தோட்டத்துக்குள்ளோ காட்டுப்பன்றிகள் வந்து போயிருக்கின்றன. கிளறிய ஈரமண் வாசனை குப்பென்று அடிக்கிறது. குலை தள்ளிய வாழைகள் சாய்ந்து கிடக்கின்றன. பன்றி மிரளட்டும் என்று தோட்டத்தைச் சுற்றிக் கட்டியவை அவன் மனைவி முத்துராணியின் பழைய சேலைகள். அவற்றில் மூலைச் சேலை மட்டும் சேற்றில் மிதிபட்டுக் கிடக்கிறது. அதன் முடிச்சு அவிழ்ந்திருப்பதை அவள் நேற்றே சொன்னாள். "கட்டுதேன்" என்றான், திரையிலிருந்து கண்ணெடுக்காமல். தூக்குவாளியோடு வந்த முத்துராணி ஏசவில்லை. வாளியை வரப்பில் வைத்துவிட்டுச் சேலையை எடுத்து உதறுகிறாள். "ஒங்க கோட்டைக்குள்ள ஒண்ணும் வரலைல்லா?" என்று மெல்லக் கேட்கிறாள். குரலில் கேலிகூட இல்லை. அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சேலையின் மறுமுனையை அவனிடம் நீட்டுகிறாள். "பிடிங்க." முடிச்சுப் போட இரண்டு கையும் வேண்டும். ஒரு கையில் கோட்டை இன்னும் ஒளிர்ந்துகொண்டிருக்கிறது.