சாவு வீட்டில் தூங்கியவன்

"குடிச்சுப்போட்டு வந்திருக்கறான் பாருங்க!"

மயிலாத்தாள் கத்தியதும் இழவுக்கு வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் தம்பி நாச்சிமுத்து தள்ளாடிக்கொண்டே உள்ளே வந்தான். கண் இரண்டும் கோவைப்பழம். செத்துக் கிடந்தவள் அவனைப் பெற்றவள். வாய்க்கரிசி போடக் குனிந்தான். பாதி அரிசி தரையில் சிந்தியது.

சுவரோரம் போய்ச் சாய்ந்தான். சாய்ந்தவன் அப்படியே தூங்கிப்போனான்!

"பெரியவன் வந்துட்டானா, பெரியவன் வந்துட்டானான்னு கேட்டுக்கிட்டே உசுர உட்டா. ஒரு நா எட்டிப் பாக்கலே. இப்ப பொணத்துக்குப் பக்கத்துல கொறட்டை! நீயெல்லாம் ஒரு மகனாடா?"

மயிலாத்தாள் பிடித்து உலுக்கினாள். அவன் சரிந்து தரையில் விழுந்தானே தவிர, கண் திறக்கவில்லை.

உலகச் சண்டை நடந்த காலம் அது. பட்டாளத்துக்காகக் கொல்லிமலையில் வெட்டிய மரங்களை அறுக்க வாசலூர்பட்டிப் பக்கம் இயந்திர ரம்பம் வைத்திருந்தார்கள். பகலிலும் ஓடும், இரவிலும் ஓடும். நாச்சிமுத்துவுக்கு ராத்திரி முறை. அவன் தம்பி சின்னராசுவுக்குப் பகல் முறை.

"சின்னவனும் அங்கதானே வேலை பாக்கறான்? அம்மா படுத்ததுல இருந்து அவன் பக்கத்தை உட்டு நகரலையே!" என்றாள் மயிலாத்தாள்.

சின்னராசு கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நான் மேஸ்திரிகிட்டக் கேட்டேன். லீவு குடுத்தாரு. அண்ணனும் கேட்டிருக்கலாம். மனசு வரலே."

அந்த நேரம் மேஸ்திரி அப்பாசாமி துக்கம் கேட்க வந்தார்.

"ஏனுங்க மேஸ்திரி, இந்தக் குடிகாரனை வெச்சுக்கிட்டு எப்படித்தான் வேலை வாங்கறீங்களோ?" என்றாள் மயிலாத்தாள்.

"குடிக்க அவனுக்கு ஏது நேரம் அம்மிணி?" மேஸ்திரி குரல் தணிந்தது. "சண்டை முடியற மட்டும் ஆருக்கும் லீவு இல்லீன்னு மேலிடத்து உத்தரவு."

"எனக்குக் குடுத்தீங்களே?" என்றான் சின்னராசு.

"நான் எங்கப்பா குடுத்தேன்? 'அவன் சின்னவன், அம்மாகிட்ட இருக்கட்டுங்க. அவன் பகல் முறையையும் நானே பாத்துக்கறேன். அவங்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க'ன்னு உங்க அண்ணன் கும்பிட்டான். அன்னையில இருந்து பகலும் அவன்தான், ராத்திரியும் அவன்தான். நடுவுல மரத்தூள்ல சாஞ்சு கொஞ்சம் கண்ணசருவான், அவ்வளவுதான். நேத்து ரம்பம் ஓடறப்பவே தூங்கி முன்னால சாஞ்சுட்டான். நான் பாத்து இழுத்ததால தலை தப்புச்சு."



"ஐயோ... அண்ணா!" சின்னராசு ஓடிப்போய் அவன் காலைக் கட்டிக்கொண்டு கதறினான்.

நாச்சிமுத்து திடுக்கிட்டு எழுந்தான். எதிரே நின்ற மேஸ்திரிதான் முதலில் கண்ணில் பட்டார்.

"நான் தூங்கலீங்க மேஸ்திரி... தூங்கலீங்க. இதா வந்துட்டனுங்க" என்று உளறியபடி, பெற்றவள் கிடந்த பக்கம் திரும்பிக்கூடப் பாராமல் வாசலை நோக்கி ஓடினான்.