டிரில் சாரும் தமிழ்ப் பட்டியும்

"கத்தாதீங்க. கத்தினா நாய்க்குப் பிடிக்காது" என்றாள் சௌதாமினி.

"ஆரு கத்தினா? நான் சாதாரணமாத்தான் சொல்லுறேன்" என்றார் சதானந்தன். பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

முப்பத்தொரு வருஷம் நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு மலையாளப் பள்ளிக்கூடத்தில் டிரில் சாராக இருந்தவர் அவர். ஓய்வு பெற்றதும் மைதானம் போனது, தொண்டை போகவில்லை. மகள் ஜினி நர்ஸ் வேலைக்குக் குவைத் போன பிறகு, அந்தத் தொண்டைக்குப் பனச்சமூட்டு வீட்டில் மிச்சம் இருந்தது மனைவி ஒருத்திதான். "சாயா", "சோறு", "செருப்பு" என்று வாசலில் இருந்தே ஒற்றைச் சொல்லில் உத்தரவு பறக்கும். சௌதாமினி வாய் திறக்காமல் கொண்டுவந்து வைப்பாள்.

அவள்தான் நாகர்கோவிலில் ஒரு காப்பகத்துக்குப் போய் இந்தச் சிவாவா நாயைத் தத்தெடுத்து வந்திருந்தாள். நாயை அந்த ஊரில் பட்டி என்பார்கள்; இந்தப் பட்டி ரெண்டு கிலோ தேறாது. காது மட்டும் ஒவ்வொன்றும் ஒரு வெற்றிலை அளவு.

"ரப்பர் ஷீட் கள்ளனைப் பிடிக்க அல்சேஷன் வேணும்னு சொன்னா, நீ எலியைக் கொண்டு வந்திருக்கியே" என்று முதல் நாளே சதானந்தன் தீர்ப்பு எழுதிவிட்டார். "பத்து நாள் தாறேன். நான் கூப்பிட்டா வரணும், சொன்னா இரிக்கணும். இல்லேன்னா வந்த வழியே திருப்பி விட்டுருவேன்."

சௌதாமினி நாயை மடியோடு அணைத்துக்கொண்டாள். ஜினி போனதிலிருந்து அவள் முகத்தில் காணாத களை அன்று வந்திருந்ததை அவர் கவனிக்காமல் இல்லை. ஆனாலும் டிரில் சார் சொன்னால் சொன்னதுதான்.

பயிற்சி ஆரம்பமானது. கைகளைப் பின்னால் கட்டி, நெஞ்சை நிமிர்த்தி, உட்காரச் சொல்லி "இரிக்கு" என்று மலையாளத்தில் ஒரு முழக்கம். நாய் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டது.

"இம்மாம் பெரிய செவி வச்சிருக்கு, என்ன அகம்பாவம் பாரு."

மதிலுக்கு அந்தப் பக்கம் துணி விரித்துக்கொண்டிருந்த விஜயம்மா விடை சொன்னாள். "சாரே, அது நாகர்கோவில் பட்டியாக்கும். அதுக்கு மலையாளம் எப்படி மனசிலாவும்?"

அதற்குள் சௌதாமினி குனிந்து கையை நீட்டினாள். "இஞ்ச வா, மக்கா. இரி."

நாய் ஓடிவந்து சமத்தாக உட்கார்ந்தது.

சதானந்தனுக்கு மானம் போனது. "கடைசியில ஒரு 'க்கு' இல்லாட்டாத்தான் இரிக்குமோ? தமிழ்ப் பட்டிதான், சந்தேகமே இல்ல."

"இருக்கும்" என்றாள் அருமனைத் தமிழ்க்காரி சௌதாமினி.

மறுநாள் தமிழில் முழங்கிப் பார்த்தார். அதற்கும் கொட்டாவி. ஐந்தாம் நாள், வேறு வழி இல்லாமல், மனைவியிடமே பாடம் கேட்டு வந்து நின்றார்.

"தமிழ் மட்டும் போராது" என்றாள் அவள். "பைய சொல்லணும். குனிஞ்சு, முகத்தைப் பாத்து, கையை நீட்டிச் சொல்லணும். சொன்னதைச் செஞ்சா, 'கொள்ளாம் மக்கா, நல்லா இருக்கு'ன்னு பாராட்டணும். பாராட்டாத வீட்டுல எந்த ஜீவனும் ஒட்டாது."

"இதெல்லாம் அந்தக் காப்பகத்துல சொல்லித் தந்தாங்களா?"

"பின்ன?"

சதானந்தன் குனிந்து பழகினார். முதுகு பிடித்துக்கொண்டது. அடிவயிற்றிலிருந்து வரும் சத்தத்தைத் தொண்டையில் நிறுத்தி, உதட்டுக்கு வரும்போது பாதியாக்கும் வித்தை லேசில் வரவில்லை. மிளகுக்கொடியிடமும் மோட்டார் சுவிட்சிடமும்கூடப் பைய பேசிப் பார்த்தார். எட்டாம் நாள் சாயங்காலம் சௌதாமினி கிளாஸை நீட்டியபோது, பழக்க தோஷத்தில் அவள் முகத்தைப் பார்த்து, "சாயா கொள்ளாம், நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டார். கல்யாணம் ஆகி முப்பது வருஷத்தில் முதல் தடவை. அவள் அவசரமாக அடுக்களைக்குப் போனாள்.

பத்தாம் நாள். சதானந்தன் முற்றத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். திருப்பி அனுப்ப வேண்டி வருமோ என்ற பயம் இப்போது அவருக்குத்தான் அதிகம்.

"இஞ்ச வா, மக்கா" என்றார் பைய, கையை நீட்டி.

நாய் வந்தது. "இரி" என்று கையைத் தாழ்த்தினார். இருந்தது. அதோடு நிற்காமல் அவர் மடியில் ஏறி மோவாயை நக்கியது. டிரில் சாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்கயும் போவண்டாம். இஞ்சயே கெடக்கட்டு" என்றார். "பாத்தியா, தமிழ்ல பேசினதும் எப்படிக் கேக்குதுன்னு?"

திங்கட்கிழமை ஊசி போட மிருக டாக்டரிடம் இருவருமாகக் கொண்டுபோனார்கள். அங்கேயும் சதானந்தன் பெருமையை அடக்கவில்லை. "டாக்டரே, மலையாளம் இதுக்குத் தெரியாது. தமிழ்ல பைய சொன்னா போரும், எல்லாம் கேக்கும்."

டாக்டர், சௌதாமினி பையிலிருந்து எடுத்துக் கொடுத்த காப்பகத்துக் கார்டைப் புரட்டிவிட்டு, நாயின் தலைக்குப் பின்னால் ரெண்டு முறை கை தட்டிப் பார்த்தார். நாய் அசையவில்லை.

"சாரே, இதுக்குப் பிறவியிலேயே ரெண்டு செவியும் கேக்காது. கையையும் முகத்தையும் பாத்துத்தான் எல்லாம் செய்யுது. கொண்டுபோன அன்னைக்கே உங்ககிட்ட விவரம் சொல்லி, கையெழுத்தும் வாங்கியிருக்காங்களே."

கார்டின் அடியில் 'சௌதாமினி' என்று குண்டு குண்டாக எழுதியிருந்தது.

வெளியே வந்ததும் சதானந்தன் குரலை அடக்கிக்கொண்டு கேட்டார். "அப்போ கத்தாதீங்க, பைய பேசுங்க, நல்லா இருக்குன்னு சொல்லுங்கன்னு இத்தனை நாளா பாடம் எடுத்தியே, செவி கேக்காத பட்டிக்கு அதெல்லாம் எதுக்கு?"

"செவி கேக்குற ஒருத்தியும் வீட்டுல உண்டுல்லா" என்றாள் சௌதாமினி.