பிரதம விருந்தினர் இன்னும் வரவில்லை

விசில் வீரிட்டது.

குணரத்தினத்தின் கையில் இருந்த மாலை நழுவிப் புழுதியில் விழப் பார்த்தது. எட்டிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். மைதானத்தில் பந்து உருளத் தொடங்கிவிட்டது.

மணி சரியாக மூன்று.

விளக்கு ஏற்றவில்லை. வரவேற்புரை இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பிரதம விருந்தினர் வந்து சேரவில்லை. இத்தாலியின் பலேர்மோ நகரில் தமிழர் விளையாட்டுக் கழகம் தொடங்கிய ஆறு வருடத்தில் இப்படி ஓர் அநியாயம் நடந்ததில்லை. கழகத் தலைவர் குணரத்தினம்தான். ஆனால் ஊதச் சொன்னது அவர் அல்ல.

ஊதச் சொன்னவள் கோட்டோரம் ஒரு மடக்குக் கதிரையில் உட்கார்ந்து, மடியில் இருந்த தாளில் நேரம் குறித்துக்கொண்டிருந்தாள். அகஸ்ரீனா. பத்தொன்பது வயது. போன ஒக்டோபரில்தான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். விளையாட்டு முகாமைத்துவமாம். விளையாடுவதற்கும் ஒரு படிப்போ என்று குணரத்தினம் அன்றைக்கே சிரித்தார்.

மூன்றாம் வருடம் வரை காத்திராதீர்கள், உங்கள் ஆட்கள் நடத்தும் சின்னப் போட்டி ஒன்றை இப்போதே பொறுப்பெடுத்து நடத்திப் பாருங்கள் என்று முதலாம் ஆண்டுக்காரருக்கு ஆசிரியை சொன்னாராம். அதைப் பிடித்துக்கொண்டு கழகத்துக்கு வந்து நின்றாள். கேட்ட பிள்ளைக்கு இல்லை என்று சொல்ல மனம் வராமல் இந்த வருடப் போட்டியைக் கொடுத்தார்கள். குணரத்தினம் தன் பங்குக்கு ஒரு புத்தி சொன்னார். பந்து இல்லாவிட்டால்கூடச் சமாளிக்கலாம், விருந்தினர் மனம் கோணக்கூடாது.

விருந்தினர் சாதாரண ஆள் அல்ல. றோபேட். வதிவிட அனுமதி புதுப்பிக்கப் போகிற தமிழருக்கெல்லாம் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்தில் பக்கத்தில் நின்று, பொலிஸ்காரரோடு இத்தாலியனில் கதைத்து அலுவலை முடித்துத் தருகிறவர். வருகிற செவ்வாய்க்கிழமை குணரத்தினத்தின் மனைவி விமலராணியின் முறை.

போன வருடமும் இவருக்காகத்தான் காத்திருந்தார்கள். ஒரு மணி நேரமும் பத்து நிமிடமும். இத்தாலியர் வீடுகளில் வேலை செய்கிற தமிழருக்கு வியாழன் பிற்பகல்தான் ஓய்வு. மைதானமும் ஐந்து மணி வரைதான். இறுதி ஆட்டம் பாதியில் நிற்க, காவல்காரர் எல்லோரையும் வெளியே அனுப்பிப் படலையைப் பூட்டினார். இன்னொரு முறை நேரம் தவறினால் இந்தப் பக்கமே வரவேண்டாம் என்றும் சொன்னார். வெற்றிக்கிண்ணம் ஒருவருக்கும் இல்லாமல் குணரத்தினத்தின் அலுமாரிக்குள் கிடந்தது.

இன்றைக்கும் அதே கதை. சற்று முன்னர் எதிரே இருந்த பாரில் இருந்து றோபேட்டின் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். "அவர் இப்பதான் குளிக்கப் போறார்" என்றாள் மனைவி, ஆறுதலாக.

குணரத்தினம் மாலையோடு அகஸ்ரீனாவிடம் விரைந்தார்.

"பிள்ளை, ஆட்டத்தை நிப்பாட்டு. றோபேட் அண்ணை வந்து பார்த்தால் என்ன நினைப்பார்?"

"மாலைக்குத் தண்ணி தெளிச்சு நிழலிலை வையுங்கோ மாமா," என்றாள் அவள், தலை நிமிராமல். "வாடிப்போகும்."

ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரை உணவகங்களில் கோப்பை கழுவுகிற பெடியள் ஓர் அணி. முறைக்குக் காத்திருந்த அவர்களில் ஒருவன் கழுத்தை நீட்டினான்.

"எனக்குப் போடுங்கோ அண்ணை. நான் நேரத்துக்கு வந்தனான்."

சிரிப்பு எழுந்தது. குணரத்தினம் கோட்டைத் தாண்டி ஒரு காலை உள்ளே வைத்தார். நடுவர் கிறிகோரி விசிலை வாயில் வைத்தபடி அவரையே பார்த்தான். தலைவர் கை உயர்த்தினால் போதும், ஆட்டம் நின்றுவிடும்.

படலையடியில் காவல்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தப் பக்கம் மைதானம். அந்தப் பக்கம் செவ்வாய்க்கிழமை.

குணரத்தினம் காலைப் பின்னால் எடுத்தார்.

அதன் பிறகு நடந்த ஆட்டம் எதுவும் அவர் கண்ணில் படவில்லை. குவெஸ்தூரா வாசலில் விமலராணி தனியாக நிற்பதுதான் தெரிந்தது. முதல் ஆட்டம் மூன்றரைக்கு முடிந்தது. இரண்டாவது நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு. நாலு பத்துக்கு ஸ்ஃபெர்ராகவால்லோ அணியும் போர்கோ வெக்கியோ அணியும் இறுதி ஆட்டத்துக்கு இறங்கின. காவல்காரர் படலையை விட்டுவிட்டு, கோட்டோரம் வந்து நின்று பார்த்தார்.

நாலு இருபத்தைந்துக்குக் கார் வந்தது.

றோபேட் இறங்கினார். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டி, படிய வாரிய தலை. உள்ளே அனல் பறக்க ஆட்டம் நடந்துகொண்டிருந்ததை ஒரு கணம் நின்று பார்த்தார். குணரத்தினம் ஓட்டமும் நடையுமாகப் போய் மாலையைப் போட்டார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை. சின்னப் பிள்ளை, முறை தெரியாமல் நீங்கள் வர முந்தியே…"

றோபேட் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"ஏன் குணம் பதறுறாய்? நாலரைக்கு வந்து கிண்ணத்தைக் குடுத்தால் போதும் எண்டு அந்தப் பிள்ளை போன கிழமையே வீட்டை வந்து சொல்லிப்போட்டுப் போனவள்."