டீச்சர் கொடுத்த சாவி

“பொம்பளப் புள்ளய கக்கூஸ் கழுவ வுட்டுக்கினு இருக்காங்க சார்! இதெல்லாம் ஒரு ஸ்கூலா?”

பச்சையம்மாள் போட்ட சத்தத்தில் தலைமையாசிரியர் அறை வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. சங்கராபுரத்தை ஒட்டிய அந்த அரசு நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவி அவர்.

கள்ளக்குறிச்சியிலிருந்து விசாரணைக்கு வந்திருந்த கல்வி அதிகாரி கொளஞ்சியப்பன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“யாரும்மா அந்தப் பொண்ணு?”

“எட்டாவது படிக்குது சார், தமிழ்மொழின்னு. ரொம்ப வருஷமா எங்க வூட்லதான் வாடகைக்கு இருந்துச்சுங்க, தாயும் புள்ளையும். அப்பன் இல்லாத புள்ள. கேக்க ஆளில்லன்னுதான இந்த டீச்சரு இப்டி வேலை வாங்குது?”

“இப்ப எங்க இருக்காங்க?”

“எம் மவனுக்குக் கல்யாணம் வெச்சோம், வூட்ட காலி பண்ணிக்கச் சொல்லிட்டோம். சொந்தக்காரங்க வூட்டுக்குப் போயிருக்கும். அதுவா சார் இப்ப பேச்சு? இந்தப் போட்டோவப் பாருங்க!”

அதிகாரி செல்போனை வாங்கிப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் ஒரு ஈ காக்கை இல்லாத காலை நேரம். ஆசிரியைகளின் பாத்ரூம் கதவைத் தமிழ்மொழி பூட்டிக்கொண்டிருக்கிறாள். ஒரு கையில் துடைப்பம், காலடியில் வாளி. சுடிதார் ஓரமெல்லாம் ஈரம்.

“சாவி யார் குடுத்தது?”

“நான்தான் சார்” என்றார் அனிட்டா டீச்சர்.

“எதுக்கு?”

டீச்சர் திரும்பிப் பார்த்தார். ஜன்னலோரம் நின்ற தமிழ்மொழி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணில் அப்படி ஒரு கெஞ்சல்.

“சார், ஒரு நிமிஷம் உங்ககிட்ட தனியாப் பேசலாமா?”

“தனியா இன்னா பேச்சு?” பச்சையம்மாள் குறுக்கே வந்தார். “எல்லாரு முன்னாலயும் சொல்லுங்க!”

கூட்டத்தில் நாலைந்து செல்போன்கள் உயர்ந்தன. அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். வீடியோ ஓடும்போது எந்த அதிகாரிதான் தனியாகப் பேச எழுந்து போவார்?

“இங்கயே சொல்லுங்கம்மா.”

“இங்க சொல்ல முடியாது சார்.”

“திமிரப் பாத்தீங்களா சார்?”

அதிகாரி தமிழ்மொழியைப் பக்கத்தில் கூப்பிட்டார். “பயப்படாம சொல்லு பாப்பா. டீச்சர் உன்னக் கழுவச் சொன்னாங்களா?”

“இல்லங்க சார். நானாத்தான் கழுவுறேன்.”

கூட்டம் உச்சுக் கொட்டியது.

“நல்லாத்தான் சொல்லிக் குடுத்து வெச்சிருக்காங்க!” என்றார் பச்சையம்மாள். “நான் சும்மா வுட மாட்டேன் சார். அது எம் பொண்ணு மாதிரி.”

அந்தப் பெண்ணுக்காக அத்தனை பேர் கூடியிருந்தார்கள். அவளுக்கு வேறென்ன குறை என்று கேட்க அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை.

சாயங்காலமே உத்தரவு வந்துவிட்டது. அனிட்டா டீச்சருக்குக் கல்வராயன் மலைமேல் ஒரு பள்ளிக்கு மாறுதல். சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, “சார், அந்தப் புள்ளைக்கு...” என்று ஆரம்பித்தார்.

“எம்மா, நான் ரிட்டயர் ஆவற நேரம். என்ன வுட்டுடும்மா” என்று தலைமையாசிரியர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். சாவி பீரோவுக்குள் போனது.

மறுநாள் காலை பச்சையம்மாள் சீக்கிரமே பள்ளிக்கு வந்தார். ஜெயித்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்ற ஆசை யாருக்குத்தான் இருக்காது!

பூட்டிய பாத்ரூம் கதவுக்கு எதிரில், மஞ்சப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தமிழ்மொழி நின்றிருந்தாள்.

“பழக்க தோஷத்துல வந்துட்டியா?” பச்சையம்மாள் சிரித்தார். “இனிமே உன்ன யாரும் வேலை வாங்க முடியாது கண்ணு. அந்த டீச்சரையே மலைக்கு ஏத்திட்டேன். நீ நிம்மதியா வூட்ல குளிச்சிட்டு, சாப்ட்டுட்டு, பெல் அடிக்கறப்ப வந்தா போதும்.”

தமிழ்மொழி பூட்டைப் பார்த்தாள். பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

“ஏன்டி அழுவுற? பையில இன்னா?”

அவள் பையை விரித்துக் காட்டினாள். மடித்த யூனிபார்ம், ஒரு துண்டு, தேய்ந்துபோன சோப்பு.

பச்சையம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. “இதெல்லாம் இன்னாத்துக்கு ஸ்கூலுக்கு எடுத்தாந்த?”

“நாத்தம் அடிக்குதுன்னு பக்கத்துல யாரும் உக்கார மாட்டேன்னுச்சுங்க அத்த. ஸ்கூல வுட்டு நின்னுடலாம்னு இருந்தேன். டீச்சர்தான் இங்க வந்து குளிச்சிக்கன்னு சாவி குடுத்தாங்க. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு குளிச்சிட்டு நான்தான் கழுவி வுட்டுடுவேன்.”

“ஏன், வூட்ல குளிச்சா இன்னா?”

தமிழ்மொழி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நீங்க காலி பண்ணச் சொன்னதுலேர்ந்து நாங்க பஸ் ஸ்டாண்டுலதான படுத்துக்கினு இருக்கோம், அத்த.”