முன்வரிசைக் கேள்வி

கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுப் படிக்கிறாள் என்ற கோபத்தில், ரீபாவின் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. வாழைப்பழத்தில் சர்க்கரையைப் பிளக்கும் இன்வர்டேஸ் என்ற நொதியைப் பற்றி அவள் பேசி முடித்ததும், முன்வரிசையிலிருந்த பெரியவர் எழுந்தார்.

"அந்த நொதி இல்லைன்னா பழம் இனிக்காதாம்மா?"

வெளியூர்ப் பேராசிரியர் போலிருக்கிறது என்று நினைத்த ரீபா நிதானமாகப் பதில் சொன்னாள்.

"இனிக்கும் ஐயா. ஆனா சர்க்கரை ரெண்டாப் பிரியாது. அதனால இனிப்பு கொஞ்சம் மட்டுப்படும்."

அவர் சந்தோஷமாகத் தலையாட்டி உட்கார்ந்தார்.

பட்டம் உறுதியானது. கூட்டம் கலைந்ததும் நெறியாளர் கேட்டார்: "உங்க அப்பாவை எனக்கு அறிமுகப்படுத்தவே இல்லையேம்மா?"

"அப்பா வரலை சார். முன்வரிசையில கேள்வி கேட்டவரை நீங்கதான் கூப்பிட்டீங்கன்னு நினைச்சேன்."

ரீபா பேருந்து நிறுத்தத்துக்கு ஓடிப்போய் அவரைப் பிடித்தாள்.

"ஐயா, நீங்க எந்தக் கல்லூரி?"

"கல்லூரியா? டவுண்ல பலசரக்குக் கடை வச்சிருந்தேம்மா. இங்கன யாரு வேணாலும் வரலாம்னாங்க. எந்தத் துறையில தேர்வுன்னாலும் மாறி மாறி வந்திருவேன்."

"இந்த ஆராய்ச்சியெல்லாம் உங்களுக்கு அவ்வளவு பிடிக்குமா?"

"ஒண்ணும் வெளங்காதும்மா. வீட்டுல நான் ஒத்தையாளு. இங்கன கேள்வி கேட்டா, யாராச்சும் பதில் சொல்லுதாங்க."