கலசத்துக்கு மேலே

கருடனைக் காணோம்.

குருக்கள் கலச நீரோடு கோபுரத்தின் உச்சியில் நின்றார். கீழே கூடியிருந்த சனமெல்லாம் வானத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்து நின்றது. முகூர்த்தம் முடியப் போகிறது. வானமோ அழுக்கு வேட்டி மாதிரி கிடந்தது.

கும்பாபிஷேகத்தன்று கோபுரத்துக்கு மேல் கருடன் வட்டமிட வேண்டும். வட்டமிட்டால்தான் அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று பொருள். எங்கள் ஆட்களிடம் இதில் பேச்சுக்கே இடமில்லை.

"உங்க பருந்தெல்லாம் எங்கங்க போய்த் தொலஞ்சிச்சி? நாளும் கிழமையுமா ஒன்னுகூட வரலியே!" என்று என் மனைவி விமலா விலாவில் இடித்தாள்.

அவள் கேட்பது நியாயம்தான். வருடா வருடம் அக்டோபர், நவம்பரில் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, போர்டிக்சன் கடற்கரையைத் தாண்டிக் கலங்கரை விளக்கு முனையில் பைனாகுலரோடு நிற்கிறவன் நான். வடக்கே குளிர் ஏறியதும் பருந்துகள் கூட்டங்கூட்டமாக இறங்கி வந்து, கடல் தாண்டிச் சுமத்ராவுக்குப் போகும். ‘பருந்துக் கிறுக்கன் சுகுமாறன்’ என்றால் எங்கள் ஊர் லுக்குட்டில் எல்லாருக்கும் தெரியும்.

தீபாவளி கழித்து இந்தத் தேதியைக் கோயில் கமிட்டியில் சண்டை போட்டு வாங்கியதும் நானேதான். வானம் நிறையப் பருந்து போகிற நேரத்தில் அவற்றோடு ஒரு கருடனாவது நம் தலைக்கு மேல் வராதா என்று ஒரு நப்பாசை.

பருந்துக்கு வெயில் வேண்டும். தரை சூடானால்தான் அது உயரம் பிடிக்கும். மேகம் மூடினால் எங்காவது மரத்தில் உட்கார்ந்துவிடும். இவ்வளவும் தெரிந்த மடையன் மழைக்காலத்தில் தேதி வாங்கியிருக்கிறேன்!

ஆற்றோரத்தில் தினமும் திரிகிற உள்ளூர்க் கருடனைக்கூடக் காணோம். சனியன், நேற்றுகூட மீன்கடைக் கூரையில் உட்கார்ந்திருந்தது. நினைத்த உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. வானத்தைப் பார்ப்பேன், உடனே சாலையைப் பார்ப்பேன். அங்கே என் அண்ணன் மகேந்திரன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் மோட்டார் மேல் உட்கார்ந்திருந்தார். பந்தலுக்குள் வரவில்லை.

நாங்கள் குடியிருந்த தோட்டத்தை வீடு கட்ட விற்றுவிட்டார்கள். அங்கிருந்த கோயிலைச் சாலையோரம் கொண்டுவரலாம் என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். அப்பா தீ மிதித்த மண்ணை விட்டு அம்மனை எடுக்கவே கூடாது என்று நின்றவர் அண்ணன். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்: "கருடன் வந்தா நான் உள்ள வரேன். வரலன்னா அது என் அம்மன் இல்ல. நீயும் என் தம்பி இல்ல."

அவர் சொன்னால் சொன்னதுதான். விளையாட்டுக்குக்கூடப் பொய் பேசாத மனிதர்.

அன்றோடு பேச்சு நின்றது. தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணி முறுக்குத் தட்டை நீட்டினார். அண்ணன் டிவி சத்தத்தைக் கூட்டினார். எடுத்த முறுக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். அவர் இல்லாத கோயில் எனக்கு எதற்கு என்று வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன்.

குருக்கள் கீழே எட்டிப் பார்த்தார். கோயில் தலைவர் மணியம் கையைப் பிசைந்தார். நாதஸ்வரக்காரருக்கு மூச்சு வாங்கியது. சாலையில் அண்ணன் மோட்டாரை ஸ்டார்ட் செய்தார்.

அந்த நேரம் பார்த்து மேகம் விலகி வெயில் சுள்ளென்று அடித்தது. செம்பனை மரங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு பெரிய பறவை எழும்பியது. சுற்றிச் சுற்றி மேலே ஏறி, சரியாகக் கலசத்துக்கு மேல் வந்து வட்டமிட்டது.

"கருடா! கருடா!" சனம் மொத்தமும் கத்தியது. விமலா தலைக்கு மேல் கைகூப்பி அழுதாள்.

நான் பைனாகுலரைக் கண்ணில் வைத்தேன். வைக்காமல் இருந்திருக்கலாம்.

சின்னத் தலை. நீளக் கழுத்து, கருடனுக்கு உள்ள வெள்ளை அதில் இல்லை. வாலில் கறுப்புப் பட்டை. தேன்பருந்து. சைபீரியாவிலிருந்து புறப்பட்டுச் சுமத்ராவுக்குப் போகிற வழியில், வெயிலைக் கண்டதும் எழுந்திருக்கிறது. எங்கள் அம்மனுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

மோட்டார் சத்தம் நின்றது. அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"டேய், ஒனக்குத்தான் இதெல்லாம் தெரியும். அம்மன் மேல சத்தியமா சொல்லு. அது கருடன்தானா?"

மணியம் கண்ணாலேயே கெஞ்சினார். ஆமாம் என்று ஒரே ஒரு சொல், அவ்வளவுதான். அம்மன் முன்னால் எப்படிப் பொய் சொல்வேன்? உண்மையைச் சொல்லிவிட்டு அண்ணனை எங்கே போய்த் தேடுவேன்?

"அண்ணே, அது வந்து..." என்று இழுத்தேன்.

அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பைனாகுலரை என் கழுத்திலிருந்து கழற்றி வாங்கி, தன் கண்ணில் வைத்து அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"கழுத்து வெள்ளையா தெரியுது. கருடன்தான்லா!" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார். குரல் உடைந்திருந்தது.

குருக்கள் குடத்தைக் கவிழ்த்தார். தண்ணீர் எல்லார் மேலும் தெறித்தது. அண்ணன் செருப்பை உதறிவிட்டு, "வாடா" என்று என் தோளைப் பிடித்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார்.

விமலாவிடம்கூட நான் இதைச் சொல்லவில்லை. அண்ணன் பைனாகுலரைத் திருப்பிப் பிடித்திருந்தார். அந்தப் பக்கமாகப் பார்த்தால் பறவை என்ன, எதிரில் நிற்கிற கோபுரமே கையளவுதான் தெரியும்.